செய்நிரல் ஓடுமிடம் யாது?

முன்னாளில் ஒரு மென்பொருளைப் பெற விரும்பியோர் அதனை வட்டுகளில் வாங்கித் தம் கணினியிலே நிறுவிக்கொள்வர். கடிதம் எழுதவும், கணக்குப் பதியவும், படம் வரையவும் வேண்டிய செய்நிரல்கள் யாவும் மேசைமீதிருந்த அப்பெட்டிக்குள்ளேயே உறைந்தன. இற்றைநாளில் அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. இணையப் பக்கங்களைப் படித்தற்கென அமைந்த மேலோடி என்னும் ஒரே மென்பொருளைத் திறந்து, அதனுள்ளேயே எழுத்துவேலை, கணக்குவேலை, வரைவுவேலை அனைத்தையும் முடித்துக்கொள்கின்றோம். மேசைக்கணினிக்கென ஆக்கப்பட்ட பெரிய மென்பொருள்களும் தம் பட்டிகளோடும் பொத்தான்களோடும் மேலோடியின் சாளரத்துள் வந்து தோன்றுகின்றன.

இஃது எங்ஙனம் இயலுகின்றது என்பதைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இம்மென்பொருள்கள் உண்மையில் மூவேறு வழிகளால் மேலோடியை அடைகின்றன. ஒரு மென்பொருள் எவ்வழியால் வந்ததென்பதை அறிதற்கு ஒரு வினா போதும்: செய்நிரல் எங்கே ஓடுகின்றது? நம் கையிலுள்ள கருவியிலா, அன்றித் தொலைவிலுள்ள பிறிதொரு கணினியிலா? வேகம், செலவு, தமிழ் எழுத்தின் செம்மை, நம் ஆக்கங்களின் நிலைபேறு ஆகிய யாவும் இவ்வினாவின் விடையையே சார்ந்திருக்கின்றன.

நாம் இதனை எழுதுவது மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்திலிருந்து. இத்தகைய ஊர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு கையடக்கத் தொலைபேசியையோ பழைய கணினியொன்றையோ, பணம் செலுத்தி அளந்து பெறும் இணையத் தரவையோ மட்டும் நம்பிப் படிக்கும் மாணாக்கனுக்கு, செய்நிரல் எங்கே ஓடுகின்றது என்பது அவன் இன்றிரவு படிக்க முடியுமா என்பதையே தீர்மானித்துவிடும்.

முதலில் இடர்ப்பாடு யாதெனக் காண்போம். மேசைக்கணினி மென்பொருள் ஒவ்வொன்றும் குறித்த ஒரு பணிசெயல் முறைமையை நம்பி எழுதப்படுகின்றது. திரையில் ஒரு சாளரம் வரையவோ, ஒரு கோப்பைச் சேமிக்கவோ அது அம்முறைமையையே ஏவும். மேலோடியோ அவ்வேவல்களை அறியாது. தனக்கென வகுத்த மொழியை மட்டுமே அறியும். இதற்கு எம் தீவே நல்லதோர் உவமை தருகின்றது. 1914ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய இலங்கைப் பயணவழியில், இந்தியப் புகையிரதம் ஒரு மீற்றர் அகலப் பாதையில் தனுஷ்கோடி வரை வந்தது. இலங்கைப் புகையிரதம் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது. இடையே ஓடியது கப்பல். பயணிகளும் பொதிகளும் தபாலும் கடலைக் கடந்தனவேயன்றி வண்டிகள் கடந்ததில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அத்துறை இயங்கியது. ஒரு பாதைக்கென ஆக்கிய வண்டி மற்றைப் பாதையில் ஓடாது என்னும் இவ்விடர்ப்பாட்டுக்கு மூன்று தீர்வுகளே உள. இப்பாதைக்கென்றே புதுவண்டி கட்டலாம். வண்டியை அக்கரையில் நிறுத்திவிட்டு வேண்டுவனவற்றை மட்டும் கப்பலேற்றலாம். அன்றி வண்டியின் சக்கரங்களை மாற்றி இப்பாதையில் இறக்கலாம். மென்பொருளாளர் இம்மூன்றையும் செய்துள்ளனர்.

முதலாவது வழி, மேலோடிக்கென்றே மென்பொருளைப் புதிதாக எழுதுதல். 1990ஆம் ஆண்டு ரிம் பேர்னேர்ஸ் லீ முதல் மேலோடியை ஆக்கியபோது அது பக்கங்களைப் படிக்கவும் திருத்தவும் உதவும் கருவியாகவே அமைந்தது. 1995ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ற் மொழியை வகுத்தபின், பக்கம் பயனாளரின் செயலுக்கு ஏற்ப மாறவும் கணிக்கவும் கற்றுக்கொண்டது. இவ்வழியின் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே தோன்றியது என்பது பெருமைக்குரியது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தொண்டர்களாகத் திரண்டு, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ‘சஹன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். காணாமற்போனோர், தற்காலிக முகாம்கள், தேவைப்படும் உதவிகள் ஆகியவற்றை அது பதிவு செய்தது. அலுவலகந்தோறும் சென்று கணினிதோறும் நிறுவ வேண்டிய தேவை அதற்கில்லை. மேலோடியுள்ள கணினி எதிலும் அதனைத் திறக்கலாம். அதே ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நிலச்சரிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கென வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

இவ்வழியில் வேலை இரண்டாகப் பிரிகின்றது. படிவங்களும் பொத்தான்களும் நம் மேலோடியில் இயங்கும். பதிவேடும் முதன்மைக் கணிப்பும் தொலைவிலுள்ள சேவையகத்தில் நிகழும். கம்பியிற் செல்வன சொற்களும் எண்களுமே ஆதலால் தரவுச் செலவு குறைவு. ஆனால் மேசைக்கணினிக்கென ஆண்டுக்கணக்காக எழுதிச் சேர்த்த மென்பொருட் செல்வம் இவ்வழியால் நமக்கு வாராது. அதனைப் பெற மற்றை இரு வழிகளே துணை.

இரண்டாவது வழி, செய்நிரலைத் தொலைவிலேயே ஓடவிட்டு, அதன் தோற்றத்தை மட்டும் நம்மிடம் கொணர்தல். இக்கருத்து இணைய மேலோடியினும் பழையது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1984ஆம் ஆண்டு உருவான எக்ஸ் சாளர முறைமை, செய்நிரல் ஒரு கணினியிலும் அதன் சாளரம் வேறொரு கணினியிலும் இருக்கலாம் என்பதை அடிப்படையாகவே கொண்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெற்றி ஆய்வுகூடத்தார் ஆக்கி 1998ஆம் ஆண்டு வெளியிட்ட வீ.என்.சீ. என்னும் கருவி, ஒரு கணினித் திரையின் படத்தையே வலையமைப்பின் வழியே மற்றொரு கணினிக்கு அனுப்பியது. பின்னர் மேலோடிக்குள்ளேயே படம் வரைதற்கான ‘கன்வஸ்’ என்னும் பரப்பு 2004ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தாரால் அறிமுகமாயிற்று. சேவையகத்தோடு இடையறாது உரையாடுதற்கான ‘வெப்சொக்கற்’ என்னும் வழக்கு 2011ஆம் ஆண்டு நியமமாயிற்று. இவ்விரண்டும் வாய்த்தபின் மேலோடியே ஒரு தொலைதிரை ஆயிற்று.

இவ்வகையில் அறியத்தக்க ஒரு முயற்சி ‘புறோட்வே’ என்பதாகும். பொத்தான், பட்டி, எழுத்துப் பெட்டி முதலியவற்றை வரைந்துதரும் ஜீ.ரீ.கே. என்னும் கருவித்தொகுதி, ஜிம்ப் என்ற படவேலை மென்பொருளுக்கென 1990களில் எழுந்தது. பின்னர் லினக்ஸ் கணினிகளின் எண்ணிறந்த மென்பொருள்களுக்கு அதுவே அடித்தளமாயிற்று. அத்தொகுதி திரையில் வரைவதற்குப் பதிலாக மேலோடியில் வரையுமாயின், அதனை நம்பி எழுதிய மென்பொருள்கள் யாவும் ஒரெழுத்தும் மாறாமல் மேலோடிக்குள் வந்துவிடுமல்லவா? றெட் ஹற் நிறுவனத்து அலெக்சாந்தர் லார்சன் 2010ஆம் ஆண்டு இதனைச் செய்து காட்டினார். 2011ஆம் ஆண்டு வெளியான ஜீ.ரீ.கே. 3.2ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. நாம் சுட்டியை அசைத்தால் அச்செய்தி சேவையகத்துக்குச் செல்லும்; செய்நிரல் அதற்கேற்பத் தன் சாளரத்தை மாற்றும்; மாறிய பகுதி மீண்டு வந்து நம் மேலோடியில் வரையப்படும்.

‘மாறிய பகுதி’ என்றது ஏனெனில், முழுத்திரையையும் அனுப்புதல் எளிதன்று. 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமுங் கொண்ட ஒரு திரையில் 10,49,088 புள்ளிகள் உள. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைற்று எனின், ஒரு திரைப்படிவம் ஏறத்தாழ 31 இலட்சம் பைற்று ஆகும். அதனைச் செறிவாக்காது செக்கனுக்கு 24 முறை அனுப்பின், ஒரு செக்கனிலேயே 75 மெகாபைற்று செலவாகும். ஆதலின் மாறிய சதுரங்களை மட்டும் பிரித்து, செறிவாக்கி அனுப்புவர். எனினும் காலத்தைச் செறிவாக்க இயலாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றரே செல்லும். சேவையகம் கம்பிவழியே 15,000 கிலோமீற்றர் தொலைவில் உளதெனக் கொண்டால், ஒரு சாவியை அழுத்தி அதன் எழுத்தைத் திரையிற் காண, போக்கும் வரவுமாகச் செக்கனில் ஏழிலொரு பங்கேனும் கழியும். இஃது இயற்கை விதித்த எல்லை. இடைவழிக் கருவிகளின் தாமதம் இதன்மேலும் சேரும். படிவம் நிரப்புவோர் அதனைப் பொறுப்பர். கோடு வரைவோர் பொறார்.

மூன்றாவது வழி, செய்நிரலையே நம் மேலோடிக்குக் கொணர்ந்து ஓட்டுதல். சீ முதலிய மொழிகளில் மனிதர் எழுதும் நிரலை, குறித்த ஒரு செயலியின் கட்டளைகளாக மாற்றிய பின்னரே கணினி ஓட்டும். அங்ஙனம் மாற்றும்போது செயலிக்குரிய கட்டளைகளாக அன்றி, மேலோடி அறியும் கட்டளைகளாக மாற்றினால் என்ன என்று மொசில்லாவைச் சேர்ந்த அலொன் சக்காய் எண்ணினார். 2010ஆம் ஆண்டளவில் அவர் தொடக்கிய எம்ஸ்கிரிப்டன் என்னும் கருவி அதனைச் செய்தது. பின்னர்ப் பெரிய மேலோடிகளை ஆக்குவோர் ஒன்றுகூடி, எந்தக் கணினிக்கும் பொதுவான கட்டளைத் தொகுதியொன்றை ‘வெப் அசெம்பிளி’ என்னும் பெயரால் வகுத்தனர். 2017ஆம் ஆண்டு பெரிய மேலோடிகள் நான்கும் அதனை ஏற்றன. 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் அது முறையான வலை நியமமாயிற்று. 1982ஆம் ஆண்டு முதல் பொறியியலாளர் பயன்படுத்திய ஓட்டோகாட் வரைவு மென்பொருள் 2018ஆம் ஆண்டு இவ்வழியாலேயே மேலோடிக்கு வந்தது. போட்டோசொப் 2021ஆம் ஆண்டு வந்தது. அந்நிய செய்நிரல் நம் கணினிக்குள் ஓடுகின்றதே என அஞ்சவேண்டா. மேலோடி அதனை ஓர் எல்லைக்குள் அடைத்தே ஓட்டும். நாம் இசைந்து கொடுத்தாலன்றி அது நம் கோப்புகளைத் தொடமாட்டாது.

இம்மூன்றாம் வழி மாணாக்கர்க்கு யாது பயன் தரும்? நம் நாட்டுக் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே பைதன் மொழி கற்பிக்கப்படுகின்றது. தாராபுரத்து மாணாக்கன் ஒருவன் நிறுவும் உரிமையில்லாத பொதுக்கணினி ஒன்றில் அமர்ந்திருக்கின்றான் எனக் கொள்வோம். 2018ஆம் ஆண்டு மொசில்லாவில் வெளியான ‘பயோடைட்’ பைதனை முழுமையாக வெப் அசெம்பிளியாக மாற்றியது. அதனைக் கொண்ட பக்கத்தை ஒருமுறை திறந்தால், பல மெகாபைற்று அளவான நிரல் இறங்கும். அதன்பின் அவன் எழுதும் ஒவ்வொரு பயிற்சியும் அவன்முன்னுள்ள கணினியிலேயே கணிக்கப்படும். இணையம் அறுந்தாலும், திறந்த பக்கத்தில் வேலை தொடரும். அதே பயிற்சியைத் தொலைவில் ஓடும் சேவையகத்தில் செய்பவனோ, இணையம் அறுந்த கணத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியவனாவான். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மின்கலத்தால் மடிக்கணினி சில மணிநேரம் உயிர்வாழும். அதற்குத் தொடர்பு தரும் கோபுரம் அவ்வாறு வாழும் என்பது உறுதியன்று.

அங்ஙனமாயின் மூன்றாம் வழியே எப்பொழுதும் சிறந்ததோ எனின், அன்று. இரண்டு காரணங்களைக் கூறுவோம்.

ஒன்று, தமிழ் எழுத்து. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் முதலிற் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் பதியப்படும். ஆனால் திரையில் அக்குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் வரையப்படல் வேண்டும். இதனைச் செய்ய எழுத்துருவும், எழுத்துகளை இணைத்தொழுங்குசெய்யும் நிரலும் தேவை. செய்நிரல் தொலைவில் ஓடுமாயின், அவை அங்கிருந்தால் போதும்; தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் செம்மையாகத் தோன்றும், ஏனெனில் வருவது எழுத்தன்று, எழுத்தின் படம். மூன்றாம் வழியிலோ செய்நிரல் மேலோடியின் எல்லைக்குள் அடைபட்டிருப்பதால், நம் கணினியில் உள்ள எழுத்துருக்களையும் அது தானாக எடுக்க இயலாதிருக்கலாம். எடுத்துக்காட்டாக, கியூற் என்னும் கருவித்தொகுதியால் ஆக்கிய மென்பொருளை வெப் அசெம்பிளியாக மாற்றும்போது, வேண்டிய எழுத்துருவை ஆக்கியோரே உடன் சேர்த்தனுப்புதல் வேண்டும். அவர் தமிழை மறந்தால், நம் எழுத்துகளின் இடத்தில் வெறுங்கட்டங்களே நிற்கும். கணினியில் தமிழ் இருந்தும் மென்பொருளில் தமிழ் இல்லாத விந்தை இதுவாகும்.

மற்றொன்று, நிலைபேறு. இதனைக் கூறும்போது இவ்வூரின் வரலாற்றை மறைத்தல் இயலாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியையும் புத்தளத்தையும் அடைந்தனர். அவ்வாண்டுகளின் போரில் வடக்கின் எல்லாச் சமூகத்தாரும் வீடுகளோடு உறுதிகளையும் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் இழந்தனர். எம்முடைய பொருள் எம் வீட்டிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்று அம்மக்களிடம் எவரும் எளிதிற் கூறிவிட இயலாது. தொலைவில் வைத்த பிரதி வீடு அழிந்த பின்னும் இருக்கும். வேற்றூரிலிருந்தும் மேலோடியைத் திறந்து அதனைப் பெறலாம். தொலைச் சேவையகத்தின் பெருநன்மை இது.

ஆயின் தொலைவில் இருப்பதும் தானாகவே நிலைப்பதன்று. அது பிறர் விருப்பத்தால் நிற்பது. விளையாட்டுச் செய்நிரல்களைத் தன் சேவையகங்களில் ஓட்டிப் படத்தை மட்டும் வீடுகளுக்கு அனுப்பிய கூகிள் நிறுவனத்தின் ஸ்ரேடியா 2019ஆம் ஆண்டு தொடங்கி 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டது. செய்நிரல் பயனாளரிடம் என்றும் இல்லாமையால், மூடிய நாளுக்குப் பின் ஓட்டுதற்கு எதுவும் எஞ்சவில்லை. முன்னர் யாம் புகழ்ந்த புறோட்வேயும் 2025ஆம் ஆண்டு வெளியான ஜீ.ரீ.கே. 4.18ஆம் பதிப்பில், கைவிடப்பட வேண்டியவற்றின் வரிசையிற் சேர்க்கப்பட்டுவிட்டது. இதற்கு மாறாக, மேலோடியில் ஓடிய பிளாஷ் செய்நிரல்கள் 2020ஆம் ஆண்டு இறுதியில் ஆதரவிழந்தபோது, அவற்றின் கோப்புகளைப் பிரதிசெய்து வைத்திருந்தோர் இருந்தமையால், ‘றபிள்’ என்னும் வெப் அசெம்பிளிக் கருவி அவற்றை மீண்டும் ஓடச்செய்தது. இணைய ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டு முதல் பழைய டொஸ் காலத்து மென்பொருள்கள் ஆயிரக்கணக்கானவற்றை மேலோடிக்குள்ளேயே ஓட்டிக் காட்டுகின்றது.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. நம் நாட்டிலே 1990களிலும் அதன்பின்னும் வெளியான கல்லூரி மலர்கள் பல பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி எழுத்துருவிற் கோக்கப்பட்டன. அம்மென்பொருள் இன்று விற்பனையில் இல்லை. அக்கோப்புகள் யாரிடமேனும் வட்டுகளில் இருப்பின், அவற்றைத் திறக்க அக்காலக் கணினியொன்றையே மேலோடிக்குள் பாவனை செய்யும் வழி இன்று உண்டு. கோப்பையும் செய்நிரலையும் பேணியவர்க்கே அவ்வழி பயன்படும். பேணாதார்க்கு எந்தத் தொழினுட்பமும் உதவாது.

இனி, ஒரு மென்பொருள் எவ்வழியைச் சார்ந்தது என்பதை மாணாக்கர் தாமே அறிதற்கு எளிய சோதனையொன்று உண்டு. மென்பொருளைத் திறந்துவைத்து, வேலையைச் சேமித்தபின், இணையத் தொடர்பை ஒரு நிமிடம் துண்டித்துப் பாருங்கள். பட்டிகளும் திறவாது, எழுத்தும் தோன்றாது, திரை முழுவதும் உறைந்து நின்றால் செய்நிரல் தொலைவில் ஓடுகின்றது. நீங்கள் கண்டது அதன் படமே. பட்டிகள் திறந்து, எழுதவும் முடிந்து, சேமிக்கும்போதோ தேடும்போதோ மட்டும் தடைப்பட்டால் வேலை இரு இடத்தும் பிரிந்துள்ளது. கணிப்பும் வரைவும் எவ்விதத் தடையுமின்றி நடந்தால் செய்நிரல் உங்கள் கருவியிலேயே ஓடுகின்றது. விடை தெரிந்தபின் தேர்வு எளிது. வலுவற்ற கருவியில் பெரிய வேலை செய்ய வேண்டின் தொலைவில் ஓடுவது நன்று. மெல்லிய தொடர்பில் அன்றாடம் பயில வேண்டின் நம்மிடம் ஓடுவது நன்று. எவ்வழியாயினும், ஆக்கிய கோப்பை வேறு மென்பொருளும் திறக்கக்கூடிய பொதுவடிவில் ஒரு பிரதி நம்மிடமும், ஒரு பிரதி வேற்றிடத்திலும் வைத்தல் இன்றியமையாதது.

உலகின் பல நகரங்களில் மென்பொருட்டுறையிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நீங்கள் ஆக்கும் மென்பொருளை மேலோடிக்கு மாற்றும் காலை, தமிழ் எழுத்துருவொன்றையும் உடன் வையுங்கள். ஒருமுறை இறங்கியபின் தொடர்பின்றியும் ஓடுமாறு செய்யுங்கள். பயனாளர் தம் ஆக்கத்தை எடுத்துச் செல்லும் கதவைத் திறந்துவையுங்கள். இவை மூன்றும் உங்களுக்குச் சிறிய வேலைகள். ஒரு தீவின் கரையிலிருந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கோ அவற்றின் பயன் பெரிது. மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: சாளரத்தின் அழகைக் கண்டு அமைந்துவிடாது, அதன் பின்னால் ஓடுவது எது, எங்கே, எவர் பொறுப்பில் என்று கேட்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். கல்லூரி உங்களுக்குப் பயிற்றிய கல்வியும் அவ்வாறு கேட்டறியும் பழக்கமேயாகும்.